நாயின் பெயரில் வைப்புத்தொகை எழுதி வைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 70. கணவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நங்கநல்லூரில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். துணைக்கு ஜிம்மி என்ற ஆறு வயது நாட்டு நாயும், 2014-இல் கணவர் வாங்கிய ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றும் இருக்கின்றன. மகன் கனடாவில் இருக்கிறான். ‘ஏதாவது காப்பகத்தில் விட்டுவிடலாம்’ என்கிறான். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு ஜிம்மி மீது பாசம் உண்டு. ஆனால் அவளுடைய பிள்ளைக்கு ஆஸ்துமா என்பதால் வீட்டில் நாய் வைத்துக்கொள்ள முடியாது. பதினொரு வருடமாக வீட்டு வேலைக்கு வரும் செல்வி, ‘நான் வெச்சுக்கறேம்மா’ என்கிறாள். அவள் இருப்பதோ ஒற்றை அறை வாடகை வீடு. அந்த வீட்டுக்காரர் நாய்க்குச் சம்மதிக்கமாட்டார். காஞ்சிபுரத்தில் என் தம்பி மகன் இருக்கிறான், சொந்த வீடு. கேட்டால் ‘பார்த்துக்கலாம் அத்தை’ என்கிறான். வங்கியில் 8 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை இருக்கிறது, மகன்தான் நாமினி. இதை ஜிம்மியின் பெயரில் உயில் எழுத முடியுமா? ‘உங்களுக்குப் பிறகு ஊசி போட்டுவிடும்படி உயிலிலேயே எழுதிவிடுங்கள், அதுதான் அதற்கு நல்லது’ என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

தூக்கத்தைக் கெடுத்த அந்த ஆலோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படி எழுத வேண்டாம். எழுதினாலும் அது நடக்கும் என்று நம்ப வேண்டாம். பிழைக்க வழியில்லாமல் துன்புறும் பிராணியை வலியிலிருந்து விடுவிப்பதற்காக உள்ள ஏற்பாட்டை, நன்றாக ஓடி விளையாடும் ஆறு வயது நாய்மீது பயன்படுத்த மனசாட்சியுள்ள கால்நடை மருத்துவர் யாரும் ஒப்பமாட்டார். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு பெண்மணி இதே போல, தம் மறைவுக்குப் பின் சிடோ என்ற தம் நாயைக் கொன்றுவிட வேண்டும் என்று உயில் எழுதிவைத்துவிட்டு இறந்துபோனார். அப்போது நாயைத் தன் பொறுப்பில் வைத்திருந்த விலங்குவதைத் தடுப்புச் சங்கம் அதை ஒப்படைக்க மறுத்து வழக்காடியது. 1980-இல் நீதிமன்றம் நாயின் பக்கம் நின்றது. அந்த ஒரு நாயைக் காப்பாற்றுவதற்காக மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. நான் போன பிறகு அது கஷ்டப்படக் கூடாது என்ற அன்பினால்தான் அந்தப் பெண்மணி அப்படி எழுதியிருப்பார், உங்கள் உறவினரும் அதே எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த அன்பை வேறு வகையில் எழுத்தில் கொண்டுவர முடியும்.

இனி உங்கள் கேள்வி. ஜிம்மியின் பெயரில் வைப்புத்தொகையை எழுத முடியாது. நம் சட்டத்தின் கண்ணில் வளர்ப்பு நாய் ஒரு உடைமை. உங்கள் வீட்டுப் பீரோவைப் போல அதுவும் உங்களுக்குச் சொந்தமான ஒன்றே தவிர, தானே ஒன்றுக்குச் சொந்தக்காரராக இருக்கக்கூடியது அல்ல. விலங்குகளின் நலனைப் பற்றி உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உயர்வாக எவ்வளவோ சொல்லியிருந்தாலும், ஒரு நாய் வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்துவிடவில்லை. டிரஸ்ட் எழுதலாமே என்றால், 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டமும் சொத்து வைத்துக்கொள்ளத் தகுதியுள்ளவரே பயனாளியாக இருக்க முடியும் என்று சொல்கிறது. அமெரிக்க மாநிலங்களில் வளர்ப்புப் பிராணிகளுக்கென்றே டிரஸ்ட் எழுதச் சட்டம் இருக்கிறது, இங்கே அப்படி ஒன்று இல்லை. நீங்கள் உயிலே எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வீடு, நகை, பணத்தோடு ஜிம்மியும் உங்கள் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாகச் சேரும். நாயைப் பாதியாகப் பிரிக்க முடியாது என்பதால் அன்றைக்கு வீட்டில் யாருடைய குரல் ஓங்குகிறதோ அவர் முடிவுப்படி நடக்கும். காப்பகம் என்று உங்கள் மகன் ஏற்கெனவே முடிவைச் சொல்லிவிட்டார்.

பெரும்பாலோர் அடுத்து யோசிக்கும் வழி, பணத்தை நம்பிக்கையான ஒருவருக்கு எழுதி, ‘இதைக் கொண்டு என் நாயைப் பராமரிக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்ப்பது. உயிலைத் தாங்களே எழுதுகிறவர்கள் மட்டுமல்ல, பத்திர எழுத்தர்களும் இப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின்படி, ஒரு தொகையை ஒருவருக்கு முழு உரிமையாகக் கொடுத்துவிட்டு அதை இன்ன வகையில்தான் செலவிட வேண்டும் என்று உயிலில் கட்டளையும் இட்டிருந்தால், அந்தக் கட்டளையே இல்லாதது போலத் தொகையைப் பெற்றுக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அதாவது, ‘8 லட்சத்தை என் தம்பி மகனுக்கு அளிக்கிறேன், அவர் ஜிம்மியைக் காப்பாற்றி வர வேண்டியது’ என்று எழுதினால் அவருக்குப் பணம் உறுதி. ஜிம்மிக்கு எதுவும் உறுதியில்லை. நாளைக்கே அவர் ஜிம்மியைத் தெருவில் விட்டாலும் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க வழியில்லை. பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் முதல் முறை செய்பவருக்கு அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்த அபராதத்துக்குப் பயந்து யாரும் நாய் வளர்க்கப் போவதில்லை.

ஆகவே நான் சொல்லும் வழி, நாய் ஒருவர் கையிலும் பணம் இன்னொருவர் கையிலும் இருக்கும்படி எழுதுவது. நாயை வளர்க்கப் போகிறவருக்கு நாயைக் கொடுங்கள். பணத்தை வேறொருவர் டிரஸ்டியாக இருந்து வைத்துக்கொண்டு, வளர்ப்பவருக்கு மாதாமாதம் கொடுத்துவரட்டும். இந்த டிரஸ்டின் பயனாளி ஜிம்மி அல்ல, ஜிம்மியை வளர்க்கும் மனிதர். எனவே சட்டத்தில் தடை இல்லை. அவருக்குத் தொகை முழு உரிமையாகப் போகவில்லை, நாய் அவரிடம் இருக்கும்வரை மாதத் தொகை மட்டுமே போகிறது. எனவே 138-ஆவது பிரிவின் பொறியிலும் மாட்டவில்லை. நாயை அவர் கைவிட்டால் அன்றோடு தொகை நின்று, நாயும் தொகையும் அடுத்தவரிடம் போகும் என்று நிபந்தனை எழுத இதே சட்டம் இடம் தருகிறது. ரத்தன் டாட்டா 2024 அக்டோபர் 9-ஆம் நாள் மறைந்த பிறகு அவருடைய உயிலைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். தம் வளர்ப்புப் பிராணிகளுக்காக அவர் ஒதுக்கிய தொகை 12 லட்சம் ரூபாய் என்றும், ஒவ்வொரு பிராணிக்கும் மூன்று மாதத்துக்கு 30,000 ரூபாய் வீதம் தரப்பட வேண்டும் என்றும், டிட்டோ என்ற நாயை அவருடைய சமையல்காரர் பார்த்துக்கொள்வார் என்றும் அவை தெரிவித்தன. அவருடைய செல்வத்துக்கு அந்தத் தொகை ஒன்றுமே இல்லை. தொகையைப் பார்க்காமல் தவணையைப் பாருங்கள். மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காமல் காலாண்டுக்கு ஒரு முறை என்று வைத்திருக்கிறார்.

யார் கையில் நாய், யார் கையில் பணம் என்பதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். காஞ்சிபுரத்துத் தம்பி மகனுக்கு வீடு இருக்கிறது, மனம் இருப்பதாகத் தெரியவில்லை. ‘பார்த்துக்கலாம்’ என்பதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ளமாட்டேன். செல்விக்கு மனம் இருக்கிறது, வீடு இல்லை. இரண்டில் பணத்தால் சரிசெய்யக் கூடிய குறை செல்வியுடையது. நாய்க்கு இடம் தரும் வீடாகப் பார்த்துக் குடிபோக அவளுக்கு மாதம் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு கூடுதல் வாடகை ஆகலாம். அதை நாயின் செலவாகவே கணக்கில் சேர்த்துவிடுங்கள். இது செல்விக்கு நீங்கள் காட்டும் சலுகை அல்ல, அவள் செய்யப்போகும் வேலைக்கான கூலி. நம் வீடுகளில் ‘செல்வி நம்ம வீட்டுப் பெண் மாதிரி’ என்று சொல்லிச் சொல்லியே கணக்கில்லாமல் வேலை வாங்குவது வழக்கமாகிவிட்டதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளை உட்காரவைத்து, மாதம் இவ்வளவு, இத்தனை வருடம் ஆகலாம், நடுவில் முடியாமல் போனால் தயங்காமல் சொல்லலாம் என்று எல்லாவற்றையும் பேசுங்கள். அவளுடைய கணவரும் உடனிருக்கட்டும். தம்பி மகனை இரண்டாவது ஆளாக வைக்கலாமா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, நீங்கள் ஊருக்குப் போவதாகச் சொல்லி ஒரு வாரம் ஜிம்மியை அவர் வீட்டில் விட்டுப் பார்ப்பது.

பணத்தை வைத்துக்கொள்ளச் சரியான ஆள் உங்கள் மகள். ஜிம்மி மீது பாசம் இருந்தும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவர் அவர். அந்தப் பாசத்துக்கு ஒரு வேலை கொடுத்தது போலவும் இருக்கும். அவரால் முடியாமல் போனால் அந்த இடத்துக்கு மகன் வரட்டும். கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு, தடுப்பூசி, மருத்துவர் எல்லாம் சேர்த்து ஜிம்மிக்கு மாதம் 4,500 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டு வாடகைக்காக 2,500 சேர்த்தால் 7,000, ஆண்டுக்கு 84,000. வீட்டில் நன்றாக வளரும் நாட்டு நாய் பதினைந்து வயதுவரைகூட இருக்கும். இன்றே தொடங்கி ஒன்பது ஆண்டு என்றாலும் 7,56,000 ரூபாய்தான். விலைவாசி ஏறுவதற்கும், வயதான காலத்தில் வரும் சிறுநீரகக் கோளாறு, பல், மூட்டு வைத்தியத்துக்கும் வைப்புத்தொகையின் வட்டி ஈடுகொடுக்கும். எனவே 8 லட்சம் போதும். வீட்டையும் சேர்த்து எழுதலாமா என்று யோசிக்கிறவர்களும் உண்டு, வேண்டாம். நியூயார்க்கின் ஹோட்டல் அதிபர் லியோனா ஹெல்ம்ஸ்லி 2007-இல் இறந்தபோது தம் நாய்க்காக 1.2 கோடி டாலர் ஒதுக்கியிருந்தார். நாய்க்கு டிரஸ்ட் எழுத அனுமதிக்கும் அந்த ஊரிலேயே நீதிமன்றம் அதை 20 லட்சமாகக் குறைத்தது. தேவையோடு பொருந்திவரும் தொகையைத்தான் வாரிசுகளும் எதிர்க்கமாட்டார்கள், நீதிமன்றமும் மதிக்கும்.

மீதித் தொகை யாருக்கு என்பதில் ஒரு நுட்பம் உண்டு. ‘ஜிம்மி இறந்த பிறகு மீதியைச் செல்வி எடுத்துக்கொள்ளலாம்’ என்று எழுதத்தான் மனம் வரும். அப்படி எழுதினால் ஜிம்மி சீக்கிரம் இறந்தால் செல்விக்கு லாபம் என்று ஆகிவிடும். அவள் அப்படி நினைக்காவிட்டாலும் அவளைச் சுற்றியிருப்பவர்கள் நினைக்கலாம். மீதி உங்கள் மகளுக்கோ பேரப்பிள்ளைக்கோ என்றால், மருத்துவச் செலவுக்குச் செல்வி கேட்கும்போது டிரஸ்டியின் கை தயங்கும். இருவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு விலங்குநல அமைப்புக்கு மீதியை எழுதிவிடுவது நல்லது. செல்விக்கு நன்றியாக ஏதாவது தர விரும்பினால் அதை நாயோடு முடிச்சுப் போடாமல் தனியாக ஒரு தொகை எழுதுங்கள்.

உயிலின் அந்தப் பகுதி ஏறக்குறைய இப்படி அமையலாம்: ‘என் காலத்துக்குப் பின், அப்போது என்னிடம் வளர்ந்துவரும் நாய் எதுவாயினும் அதைச் செல்வி என்பவருக்கு அளிக்கிறேன். மேற்படி வங்கியில் உள்ள ரூ.8,00,000 வைப்புத்தொகையையும் அதன் வட்டியையும் என் மகள் டிரஸ்டியாக இருந்து நிர்வகித்து, மேற்படி செல்வி அந்த நாயைத் தம் பொறுப்பில் வளர்த்துவரும் காலம்வரை மாதந்தோறும் ரூ.7,000-மும், மருத்துவச் செலவை ரசீதின்படி தனியாகவும் அவருக்குக் கொடுத்துவர வேண்டியது. அவர் வளர்க்க இயலாமலோ விருப்பமில்லாமலோ போனால் அந்த நாயும் அன்றுமுதல் மேற்படி தொகைகளும் என் தம்பி மகனைச் சேர வேண்டியது.’ விலைவாசிக்கு ஏற்ப மாதத் தொகையைக் கூட்டும் அதிகாரத்தையும், ஆண்டுக்கு ஒரு முறை நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிய சீட்டைக் கேட்டு வாங்கும் அதிகாரத்தையும் டிரஸ்டிக்குக் கொடுங்கள். இதை அப்படியே பிரதி எடுக்காமல் உங்கள் வழக்கறிஞரிடம் காட்டி, மற்றச் சொத்துகளைப் பற்றிய பகுதியோடு பொருந்தும்படி எழுதச் சொல்லுங்கள்.

நாமினியை மறந்துவிடாதீர்கள். இப்போது மகன் நாமினி. நீங்கள் காலமான பின் வங்கி உயிலைப் பார்க்காது, நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிடும். நாமினி அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார், உயிலின்படி யாருக்குச் சேர வேண்டுமோ அவருக்காகப் பெற்று வைத்திருப்பவர்தான் என்றாலும், கனடாவில் இருப்பவரிடம் போன பணத்தைப் பெங்களூரில் இருப்பவர் வாங்கி நங்கநல்லூரில் இருப்பவருக்கு மாதாமாதம் கொடுப்பது என்பது எழுதப் படிக்க எளிது, நடைமுறையில் தலைவலி. இந்த ஒரு வைப்புத்தொகைக்கு மட்டும் மகளை நாமினியாக மாற்றிவிடுங்கள். 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புகளுக்கு நான்கு பேர்வரை நாமினிகளை, ஒருவருக்குப் பின் ஒருவராகவும் குறிப்பிடலாம் என்பதால் இரண்டாவது பெயராக மகன் இருக்கட்டும்.

இதுவரை சொன்னது உயிலைப் பற்றி. ஆனால் உங்களைப் போலத் தனியாக வாழ்கிறவர்களுக்கு உயிலைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. உயிலை யாரும் அன்றைக்கே பிரித்துப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் பீரோ சாவியைத் தேடுவார்கள். அதற்குள் ஜிம்மிக்கு என்னவெல்லாம் நேரும் என்பதை நினைத்துப் பாருங்கள். மகன் கனடாவிலிருந்து வந்து சேர இரண்டு நாள் ஆகும். கூடத்தில் ஃப்ரீசர் பாக்ஸ் இருக்கும், வாசலில் ஷாமியானா போட்டிருப்பார்கள், முன்பின் தெரியாத நாற்பது ஐம்பது பேர் வந்து போய்க்கொண்டிருப்பார்கள். நாய் குரைக்கும், யாரோ ஒருவர் அதைப் பின்கட்டில் கட்டுவார், இன்னொருவர் பாவம் என்று அவிழ்த்துவிடுவார், கேட் எந்நேரமும் திறந்தே கிடக்கும். சாவு வீட்டிலிருந்து நாய் காணாமல் போவது இப்படித்தான். தேடுவதற்கு அன்றைக்கு யாருக்கும் நேரம் இருக்காது. அதற்கும் முந்தைய கட்டம் ஒன்று உண்டு. நீங்கள் வீட்டுக்குள் மயங்கி விழுந்தால், உதவிக்கு வருபவர்களை ஜிம்மி உங்கள் அருகே நெருங்கவிடாமல் தடுக்கும். விசுவாசமுள்ள நாய் செய்வதைத்தான் அது செய்யும்; ஆனால் ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டிவரும்.

ஆகவே, ஜிம்மி நன்றாகப் பழகியிருக்கும் பக்கத்து வீட்டார் ஒருவரிடம் இன்றைக்கே ஒரு சாவி கொடுங்கள். கழுத்துப் பட்டையும் சங்கிலியும் வாசல் கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒரே ஆணியில் தொங்கட்டும். கைப்பையில் ஆதார் அட்டையோடு, ‘என் வீட்டில் ஒரு நாயும் ஒரு கிளியும் தனியாக இருக்கின்றன, உடனே இவரை அழைக்கவும்’ என்று செல்வியின் எண்ணும் பக்கத்து வீட்டார் எண்ணும் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். கைபேசி பூட்டியிருந்தால் அதில் உள்ள எண்கள் பயன்படாது, காகிதம்தான் பயன்படும். உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் அன்று மாலையே ஜிம்மி செல்வியோடு கிளம்பிவிட வேண்டும் என்பதை மகன், மகள், பக்கத்து வீட்டார் எல்லோரிடமும் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். அதைக் கல்நெஞ்சம் என்று யாரும் சொன்னால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மரணத்தைவிட நீண்ட மருத்துவமனை வாசம் இன்னும் சிக்கலானது. உயிரோடு இருக்கும்வரை உயில் பேசாது. பவர் பத்திரம் எழுதலாமே என்பீர்கள். எழுதிக் கொடுத்தவர் சுயநினைவோ மனநலமோ இழந்தால், எப்போது அது மிகவும் தேவைப்படுமோ அப்போதுதான் கைகொடுக்காது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவின்படி, கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தாலோ இறந்தாலோ பிரதிநிதியின் அதிகாரம் முடிந்துவிடும். அதனால் செல்வியோடு சேர்ந்து ஒரு சிறிய சேமிப்புக் கணக்கு தொடங்கி, இருவரில் யாரும் எடுக்கலாம், ஒருவர் காலமானால் மற்றவர் எடுக்கலாம் என்ற ‘ஐதர் ஆர் சர்வைவர்’ முறையில் வையுங்கள். நான்கு மாதச் செலவுக்கான 30,000 ரூபாய்க்கு மேல் அதில் வேண்டாம். அந்தக் கணக்கில் எஞ்சியிருப்பது செல்விக்கே உரியது என்று உயிலில் ஒரு வரி சேர்த்துவிட்டால் பிற்பாடு அவளை யாரும் கேள்வி கேட்க முடியாது. வழக்கமாகப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடமும், நீங்கள் வர முடியாதபோது செல்வி சொல்வதை ஏற்று வைத்தியம் பார்க்கலாம் என்று ஒரு கடிதம் கொடுத்துவையுங்கள். செலவு கட்டுப்படியாகாத பெரிய வைத்தியம் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது என்பது செல்விக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஜிம்மியைப் பற்றி நீங்கள் மட்டுமே அறிந்தவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதிவையுங்கள்: தயிர் சாதத்தில் மாத்திரை வைத்தால் துப்பிவிடும், முட்டையில் வைத்தால் விழுங்கும் என்பது போன்றவை, பட்டாசுக்கு எங்கே போய் ஒளியும், எந்தச் சொல்லுக்கு உட்காரும், கடைசித் தடுப்பூசி எப்போது என்பவை. எஜமானரை இழந்த நாய் சில நாட்கள் சரியாகச் சாப்பிடாது, வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் பழகிய சொல்லும் பழகிய தட்டும் இருந்தால் சீக்கிரம் தேறிவிடும். மாதம் ஓரிரவு செல்வி வீட்டில் தங்கிப் பழக்குவது இதற்கெல்லாம் மேல். அவள் வீடு மாறும்வரை அது முடியாதென்றால், அவளே ஓரிரவு உங்கள் வீட்டில் தங்கி ஜிம்மியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

காப்பகத்தைப் பற்றி உங்கள் மகன் சொன்னதை அவசரப்பட்டுத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தூரத்தில் இருப்பவருக்கு அதுதான் தெரிந்த வழி. 1959-இல் தொடங்கிய சென்னையின் புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் முதன்மையாக அடிபட்ட, நோயுற்ற, கைவிடப்பட்ட பிராணிகளுக்காகப் பாடுபடுபவை. கட்டிலுக்கு அடியில் படுத்துப் பழகிய வீட்டு நாய் அத்தனை நாய்களுக்கு நடுவே திடீரென்று போய்ச் சேர்வது அதற்கும் நல்லதல்ல, இடநெருக்கடியில் இருக்கும் அவர்களுக்கும் நல்லதல்ல. செல்வி, தம்பி மகன் இருவரும் முடியாமல் போனால் மூன்றாவது வழியாக அது இருக்கலாம். அதையும் முன்கூட்டியே போய்ப் பேசி, அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள்.

கிளியை நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். உண்மையில் அதுதான் நீண்ட கணக்கு. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி நல்ல பராமரிப்பில் நாற்பது முதல் அறுபது ஆண்டுகள்வரை வாழக்கூடியது. உங்கள் கிளி உங்கள் பேரப்பிள்ளையின் நடுவயதைப் பார்க்கலாம். எனவே அதற்கு அறுபது வயதுக்காரரை வாரிசாகப் போடுவதில் பொருளில்லை, முப்பதுகளில் இருப்பவர் வேண்டும். தவிர, அது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ (CITES) ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் உள்ள இனம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தமும், அதன்படி வந்த 2024-ஆம் ஆண்டு விதிகளும் இத்தகைய உயிரினத்தை வைத்திருப்பவர் வனத்துறையிடம் இணையவழியில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். உங்கள் கணவர் வாங்கியபோது தந்த ரசீது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பதிவாகவில்லை என்றால் அதற்கான கெடு கடந்துவிட்டது என்பதால், தானாகச் சரியாகும் என்று விடாமல் வனத்துறை அலுவலகத்தில் நேரில் போய் விவரம் சொல்லிச் சரிசெய்யுங்கள். பதிவில்லாத கிளியை உயிலில் எழுதினால், பெறுகிறவருக்குக் கிளியோடு ஒரு வழக்கையும் சேர்த்துக் கொடுத்தது போலாகும். தனிமையில் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் இனம் என்பதால், இன்றைக்கே வீட்டில் பேச்சுச் சத்தம் உள்ள குடும்பமாகப் பார்த்துப் பழக்கத் தொடங்குங்கள்.

உயிலின் சடங்குகள் எளியவை. முத்திரைத் தாள் வேண்டாம். நீங்கள் கையெழுத்திடுவதை இரண்டு பேர் பார்த்துச் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். செல்வியோ அவள் கணவரோ தம்பி மகனோ சாட்சியாக வேண்டாம். உங்களைவிட வயதில் இளையவர்களாகவும் உள்ளூரில் இருப்பவர்களாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு கட்டாயமில்லை என்றாலும் உங்கள் வயதில் பதிவு செய்வதே நல்லது. உயிலை நிறைவேற்றுபவர் என்று மகளின் பெயரைக் குறிப்பிடுங்கள். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும். அந்த ஆவணங்களும் தடுப்பூசிப் புத்தகமும் உயில் இருக்கும் இடத்தில் பூட்டிக் கிடக்க வேண்டாம், சங்கிலி தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு பையில் இருக்கட்டும்.

மேலே தந்த உயில் வாசகத்தில் ஜிம்மியின் பெயரைப் போடாமல் ‘அப்போது என்னிடம் வளர்ந்துவரும் நாய் எதுவாயினும்’ என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நீங்கள் இன்னும் இருபது ஆண்டு நலமாக இருந்து, ஜிம்மிக்குப் பிறகு வேறொரு நாய் வந்து சேர்ந்தால் உயிலை மாற்றி எழுத வேண்டியிராது. நாயே இல்லாமல் போனால் இந்த 8 லட்சம் யாருக்கு என்பதற்கும் ஒரு வரி வேண்டும். அதை நீங்கள்தான் முடிவு செய்து உங்கள் வழக்கறிஞரிடம் சொல்ல வேண்டும்.